ஆறாம் பக்கத்தில் நானாவின் உம்மா

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு முன்னறை சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது மாதிரி. அவருடைய தமிழ்ப் பத்திரிகை அங்கேதான் நடந்தது. சோபா முழுக்கப் பழைய இதழ்கள் கிடக்கும். அப்பா பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் முடித்து வந்து, இருக்க இடமில்லாமல் மாடிப்படியில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். லண்டனில் தமிழனுக்கு உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா என்று சித்தப்பா கேட்பார். வாடகை கட்டவும் ஒரு ஆள் வேண்டும் என்று அம்மா குசினிக்குள் நின்று சட்டி பானைக்குச் சொல்லுவா.

தொண்ணூறாம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா டைப் அடித்துத் தரும் செய்திகளைக் கத்தரித்து, பசை பூசி, பெரிய தாளில் கோணாமல் ஒட்டுவது என் வேலை. ஊரில் அரசாங்கப் படையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த இயக்கத்தை எல்லாரும் பெடியள் என்றுதான் சொல்வோம். எங்கள் பேப்பரில் பெடியள் தோற்றதே கிடையாது. ஒரு இடத்தை விட்டுவிட்டு ஓடினால், தந்திரோபாயமாகப் பின்வாங்கினார்கள் என்று வரும். நானும் அதை நம்பித்தான் ஒட்டினேன்.

அச்சாகி வந்த கட்டுகளைக் கடை கடையாகவும் கோயிலுக்கும் கொண்டுபோய்ப் போடுகிறவர் நானா. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு முஸ்லிம். சித்தப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மரக்கறிக் கடைக்கு வான் ஓட்டினார். அந்த வானிலேயே பேப்பரையும் ஏற்றிப் போவார். கூலி என்று ஒன்றும் வாங்கமாட்டார். அம்மாவின் தேத்தண்ணியும் வடையும் போதும். அவருக்கு ஊரில் தாய் ஒருவர்தான் மிச்சம், அவருடைய உம்மா.

அந்த ஒக்டோபரில் பள்ளிக்கூடத்தில் சரித்திர ரீச்சர் ஆளுக்கொரு தாள் தந்தா. அமெரிக்காவில் அடிமை வைத்திருந்த தென்பகுதிக்காரர், வடக்கோடு சண்டை பிடித்த காலத்தில் நடத்திய பேப்பர் ஒன்றின் முதல் பக்கம். இந்தப் பக்கம் எதைச் சொல்லவில்லை என்று வீட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. முன்னறைக்குக் கொண்டுபோனேன்.

சித்தப்பாவுக்கு வந்த புளுகத்தையும் சந்தோசத்தையும் பார்க்கவேண்டும்! தன் வேலையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, தேத்தண்ணியோடு இருந்த நானாவுக்கும் சேர்த்து வரி வரியாகச் சொல்லத் தொடங்கினார். "இஞ்ச பார், ஓடிவந்ததை எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறான்! பின்னுக்கு வந்து நல்ல இடமாப் பார்த்து நிக்கினமாம்." எதிரியில் எத்தனை பேர் செத்தது என்று இருந்தது. தங்கள் பக்கத்துச் சாவுகளைப் பற்றி மூச்சில்லை. இன்னொரு பத்தியில், அடிமைகள் எசமான்மாரோடு சந்தோசமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு விடுதலை வேண்டாம் என்று இருந்தது. அதற்குக் கீழேயே ஒரு விளம்பரம். ஓடிப்போன அடிமை ஒருவனைப் பிடித்துத் தரச் சொல்லி எசமான் போட்டது. கன்னத்தில் தழும்பு, ஒரு காலைச் சாய்த்து நடப்பான், இன்ன ஊரில் தாய் இருக்கிறாள், அங்கே போயிருக்கக்கூடும்.

சித்தப்பா தொடையில் தட்டினார். "சந்தோசமா இருந்தவன் ஏன்ராப்பா ஓடினவன்? இந்தப் பக்கம் முழுக்க ஒரேயொரு உண்மைதான் இருக்கு. அதுவும் விளம்பரத்தில. எழுது பிள்ளை."

நானா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "மச்சான், நீ மட்டும் அந்தக் காலத்தில அங்க பேப்பர் நடத்தியிருந்தால் உன்னைத் தூக்கில போட்டிருப்பாங்கள்." சித்தப்பா அதைப் பதக்கம் மாதிரி வாங்கிக்கொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், வேலைநாள் ஒன்றில், நானா வான் இல்லாமல் நடந்து வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் பெடியள் ஊரைவிட்டு வெளியேற்றிவிட்டார்கள். நகைநட்டு, காசு எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு உடுத்த உடுப்போடு அனுப்பியிருக்கிறார்கள். உம்மா எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. "எழுது மச்சான்" என்றார். "நீ எழுதினால்தான் இஞ்ச ஆக்கள் நம்புவினம்."

சித்தப்பா நிலத்தைப் பார்த்தார். இப்ப இதை எழுதுகிற நேரமில்லை என்றார். எதிரி இதைப் பிடித்துக்கொள்வான், கடைக்காரர் பேப்பரைத் தூக்கி வெளியே போடுவார்கள், எங்கட ஆக்களும் அங்கதானே இருக்கினம் என்றார். ஒவ்வொன்றும் நியாயம் மாதிரித்தான் கேட்டது. முன்னறைக்குள் ஒருநாளும் கால் வைக்காத அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றா. "தூ, உங்களுக்கு வெக்கமில்லையோ? அந்த மனிசன்ர கையால பேப்பர் அனுப்பிக்கொண்டு..." அப்பா அவவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பயந்த மனிதர்.

கடைசியில் சித்தப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். "காணவில்லை எண்டு ஒரு விளம்பரம் போடுவம். நீ காசு தரவேண்டாம்."

 நானா நின்ற நிலையிலேயே சொல்லத் தொடங்கினார். சித்தப்பா டைப் அடித்தார். இடது கன்னத்தில் மச்சம். ஒரு காலைச் சாய்த்து நடப்பார். புத்தளத்தில் தங்கச்சி இருக்கிறார், அங்கே போயிருக்கக்கூடும். துரத்தப்பட்டவர் என்று நானா சொன்ன இடத்தில் சித்தப்பா இடம்பெயர்ந்தவர் என்று அடித்தார். நானா அதைப் பார்த்தார்.

அதை நான்தான் ஆறாம் பக்கத்தில், சீலைக்கடை விளம்பரத்துக்குக் கீழே ஒட்டினேன். முதல் பக்கத்தில் இராணுவ முகாம் ஒன்றை அடித்த செய்தி, தடித்த எழுத்தில். நாலாம் பக்கத்து மூலையில் இரண்டு வரி: வடக்கு முஸ்லிம்கள் தங்கள் பாதுகாப்புக் கருதி, நல்ல புரிந்துணர்வோடு, தற்காலிகமாக வேறிடம் சென்றுள்ளனர். அதையும் நான்தான் ஒட்டினேன். கோணாமல் ஒட்டியிருக்கிறாய் என்று சித்தப்பா என் தலையைத் தடவினார்.

விளம்பரத்துக்கு ஒரு பதிலும் வரவில்லை. உம்மா புத்தளத்தில் ஓர் அகதி முகாமில்தான் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் அங்கேயே மௌத்தாகி அடக்கமான பிறகுதான் நானாவுக்கு அது தெரிந்தது. சொன்னது எங்கள் பேப்பர் இல்லை.

ஆனால் அந்தப் பேப்பர் அச்சாகி வந்த வெள்ளிக்கிழமை அதெல்லாம் தெரியாது. நானா இனி இந்த வாசலுக்கு வரமாட்டார் என்று அம்மா சொல்லியிருந்தா. வந்தார். ஒன்றும் நடக்காதது போல் கட்டுகளைத் தூக்கி வானில் அடுக்கினார். வழக்கம்போல நானும் ஏறிக்கொண்டேன். கோயிலுக்குள் கட்டைக் கொண்டுபோய் வைக்கிறது என்னுடைய பங்கு.

அன்றுதான் என் கட்டுரை திரும்பி வந்திருந்தது. வகுப்பில் முதல் புள்ளி எனக்கு. ரீச்சர் எல்லாருக்கும் வாசித்தும் காட்டியிருந்தா. கோயிலடியில் வான் நின்றதும் நானாவிடம் நீட்டினேன்.

"இங்கிலீசு எனக்கு ஓடாது மகள். நீயே சொல்லு, என்ன எழுதினனி?"

தமிழில் சொன்னேன். செய்தியில் அடிமைகள் எல்லாரும் சந்தோசமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு முகம் இருந்தது, கால் நோவு இருந்தது, ஒரு தாய் இருந்தாள் என்பது விளம்பரத்தைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டையும் ஒட்டினவன் ஒரே ஆள்தான், அவனுக்குக்கூட அது தெரியவில்லை.

நானா எஞ்சினை நிற்பாட்டினார். பின்னால் இருந்த கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கிறாய். ஆர் சொல்லித் தந்தது?"

"சித்தப்பாதான்!" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நானா சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். பிறகு அவர் ஒரு கட்டைத் தூக்கி என் கையில் தந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"கவனமாக் கொண்டுபோ மகள். நனைய விட்டிடாதை."

கட்டைக் கோட்டுக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். சித்தப்பாவின் பேப்பரில் நானாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.