ஆகாத பூ

எங்கள் பக்கத்தில் 'ஆவாது' என்று ஒரு சொல் உண்டு. எழுதும்போது 'ஆகாது' என்று எழுதுவோம். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத கத்தரிக்காயும் ஆவாது, செவ்வாய்க்கிழமைப் பயணமும் ஆவாது, புருஷனைப் பறிகொடுத்தவள் எதிரே வருவதும் ஆவாது. ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் சும்மா விட மாட்டேன்.

தாலியறுத்து ஆம்பூரில் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அண்ணன் தறியை விட்டுவிட்டுத் தோல் பதனிடுகிற ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஷாப்பின் பின்மதிலை ஒட்டியே வீடு. ஊறுகிற தோலின் நாற்றமும் சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றமும் சாப்பிடுகிற சோறு வரைக்கும் வரும். கொஞ்ச நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன், பிறகு பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. வாசலில் ஒரு மல்லிகைக் கொடி இருந்தது. ஒரு சாயங்காலம் அண்ணன் மகளுக்காகப் பூப்பறித்துத் தொடுக்க உட்கார்ந்தேன். அண்ணி ஓடி வந்து என் மடியிலிருந்த பூவை அள்ளிக்கொண்டாள்.

"நீ தொடுத்தா பொண்ணுக்கு ஆவாதுடி" என்றாள்.

அண்ணி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனாலும் அன்றைக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவி விடுகிறவள் நான். சீவினால் ஆகும், பூ வைத்தால் ஆகாதாம்.

அடுத்த வருஷம் அண்ணிக்கு வயிற்றில் கட்டி வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணைக்கு நான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு துரை பங்களா. அதன் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு ஒரு மரம். கைமுழ நீளத்துக்கு வெள்ளைப் பூக்கள், அத்தனையும் தலைகீழாகத் தரையைப் பார்த்துத் தொங்கின. நான் தினமும் நின்று பார்ப்பேன். ஒரு நாள் தோட்டக்காரர் கிளைகளைக் கழித்து வெளியே எறிந்துகொண்டிருந்தார்.

"இன்னா பூங்க இது?" என்று கேட்டேன்.

"மர ஊமத்தைம்மா. துரைசானி மலையிலேர்ந்து கொண்டாந்து வச்சாங்க. விஷம். சிவனுக்குப் போடற ஊமத்தை வேற, இது சாமிக்கு ஆவாது. தலையில வைக்கவும் ஆவாது. கடைக்குக் கொண்டு போனாலும் ஒருத்தன் வாங்க மாட்டான். சும்மா பாக்கறதுக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்கும் வேண்டாத, சாமிக்கும் வேண்டாத பூ. இதை எனக்குக் கூடாது என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? கீழே கிடந்ததில் தடித்த கிளையாக ஒன்றை எடுத்து ஈரத்துணி சுற்றி வைத்துக்கொண்டேன். அண்ணியோடு ஊர் திரும்பும்போது காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்கும் ரயிலில் அது என் மடியில்தான் இருந்தது. விறகுக்கா என்று கேட்டாள் அண்ணி. ஆமாம் என்றேன்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டேன். மத்தியானத்துக்கு மேல் ஷாப் மதிலின் நிழல் அங்கே விழும். அந்த மதிலால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அது. கிளை வேர் பிடித்து, அந்த மழைக்காலத்திலேயே என் இடுப்புக்கு வந்தது. முறம் மாதிரி இலை. ஆனால் பூக்கவில்லை. அடுத்த கோடையையும் எப்படியோ தாண்டியது, அப்போதும் பூக்கவில்லை. தெருவில் பேச்சு ஆரம்பித்தது. வீட்டில் ஊமத்தை வைக்கலாமா, பிள்ளைகள் கடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்றார்கள். விஷம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இலையை ஒடித்தால் கையைத் தேய்த்துக் கழுவுவேன், பிள்ளைகள் கிட்டே போனால் முதுகில் ஒன்று வைப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆளை விழுங்குகிற ஆழத்துக்குச் சுண்ணாம்புத் தொட்டிகள் திறந்து கிடக்கின்றன. அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கடுத்த கோடைதான் கோடை. கத்திரி வெயிலில் பாலாற்று மணல் காலைப் பொசுக்கியது. காலையில் விறைத்து நிற்கிற இலைகள் பத்து மணிக்கெல்லாம் வேகவைத்த கீரையாகத் தொங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் மெல்ல நிமிரும். பிறகு நிமிர்வதும் நின்று, ஒவ்வொன்றாய் மஞ்சளாகிக் கொட்டியது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது.

"கிணறு வத்திக்கினு போவுது, ஊமத்தைக்குத் தண்ணியா?" என்று அண்ணன் சத்தம் போட்டார்.

"நான் குளிக்கிறதைக் கம்மி பண்ணிக்கறேண்ணா" என்றேன்.

அப்படியே செய்தேன். எனக்கென்று இறைக்கிற தண்ணீரில் பாதி அதற்குப் போனது. ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம் பட்டையை ஊறப்போடுவார்கள். சாரம் இறங்கிய சக்கையைக் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். அங்கே வேலை செய்கிற பெண்களிடம் சொல்லி அதைக் கூடை கூடையாக வாங்கி, அடிமரத்தைச் சுற்றிக் கனமாகப் பரப்பினேன். மேலே எவ்வளவு காய்ந்தாலும் அதற்குக் கீழே கைவிட்டால் மண் குளிர்ந்திருக்கும். கடைசியில் வெறும் குச்சிகள்தான் நின்றன. செத்துப்போச்சு, விடு என்றாள் அண்ணி. நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. விட மாட்டேன் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்குக் குடியாத்தத்தில் இடம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம், எங்கள் வீட்டிலேயே. கொல்லையில் அடுப்பு போட வேண்டும், சம்பந்திகள் கை கழுவ அந்தப் பக்கம்தான் வருவார்கள், ஊமத்தையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி மரத்தை வெட்டத் தீர்மானித்தார் அண்ணன். என்னை யார் கேட்டார்கள்?

ஆடியில் மழை பிடித்தது. குச்சியெல்லாம் துளிர்த்து, ஆடி முடிவதற்குள் இலைக்கு நடுவில் பச்சை விரல்களாக மொட்டுகள் தொங்கின. கோடாலியோடு ஷாப் ஆள் ஒருவன் வந்த அன்றைக்கு அந்த மொட்டுகளின் அடியில் நான் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் கல்யாண அரிசி, மூட்டையாக.

"எழுந்திரிம்மா, மரம் வெட்டணும்."

"அரிசியில கல்லு பொறுக்கறேன். நிழல் வேணும். முடிஞ்சதும் வெட்டு."

அவன் நின்று பார்த்துவிட்டு வேலை கிடக்கிறது என்று போய்விட்டான். மறுநாளும் வந்தான். அன்றைக்கு உளுந்து. பூவைத் தொடக் கூடாத இந்தக் கை கல்யாண அரிசியைத் தொடலாம், பருப்பைப் புடைக்கலாம், அத்தனை பேருக்கும் மாவு ஆட்டலாம். அதெல்லாம் ஆகும்! நான் எழுந்தால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை என்று அண்ணிக்குத் தெரியும். கல்யாணம் முடிந்ததும் வெட்டிக்கொள்ளலாம் என்று அவளே அண்ணனிடம் சொன்னாள். எனக்கும் மரத்துக்கும் அவ்வளவுதான் தவணை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் சாமான்கள் வைத்திருந்த உக்கிராண அறையில் இருந்தேன். தாலி ஏறுகிற வரைக்கும் முன்னால் வராதே என்று அண்ணி சொல்லியிருந்தாள். நான் தலை சீவிவிட்ட பெண்ணின் கல்யாணத்தைச் சுவருக்குப் பின்னால் இருந்து காதால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியிலிருந்து இறங்கியதுமே சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கென்று பார்த்து மேல்காற்று ஷாப் நாற்றத்தை அப்படியே கொண்டுவந்து கொட்டியது. அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

கை கால் கழுவ அவர்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரம். அந்த மரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, பூப்பதென்றால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பூக்கும். மொட்டுகள் எல்லாம் அவிழ்ந்து, மரம் வெள்ளையாகத் தொங்கியது. வாசனை ஜன்னல் வரைக்கும் வந்தது. சம்பந்தியம்மா முந்தானையை எடுத்துவிட்டு, "இன்னா வாசனை இது! யார் வச்சது?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"எங்க நாத்தனார்" என்றாள் அண்ணி.

சற்று நேரத்தில் அண்ணன் உக்கிராண அறைக்கு வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"பந்தல் வாசல்ல கட்டறதுக்கு அந்தப் பூ வேணுமாம், சம்பந்தியம்மா கேக்கறாங்க. கொஞ்சம் பறிச்சிக்கட்டுமாம்மா?"

அந்த வீட்டில் என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆவாது" என்றேன்.

"இன்னாது?"

"பறிச்சா ஆவாதுண்ணா. விஷம். குழந்தைங்க வந்துபோற பந்தல். நின்ன இடத்துல பாக்கறதுக்குத்தான் அது. நானே வந்து காட்டறேன்."

எழுந்து நடந்தேன். வழியில் அண்ணி நின்றாள். வழி விட்டு ஒதுங்கிக்கொண்டாள். கல்யாணம் முடிந்தும் அந்தக் கோடாலி வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்குப் பிடித்த இடம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

கொல்லை நிறையக் குடியாத்தத்துப் பெண்கள், பட்டும் மஞ்சளும் தலை கொள்ளாத மல்லிகையுமாக. என் வெறும் நெற்றியைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். திருப்பட்டும். நேரே போய் என் மரத்தடியில் நின்றேன். சம்பந்தியம்மா ஆசையாக ஒரு பூவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க" என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.