கல்யாணக் குதிரைக்கு நான் வாங்கிய தாரீக்

என்னால் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. அப்படிப்பட்டவன் வக்கீலுக்குப் படித்து, டெல்லிக்கு ரயிலேறி, முனிர்காவில் ஜன்னல் இல்லாத ஓர் அறையைப் பிடித்து, கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தேன். கோர்ட்டில் என்ன வேலை? காத்திருப்பதுதான் வேலை. வாதாடுவதெல்லாம் ஐந்து நிமிடம். அதற்காக நாலு மணி நேரம் மர பெஞ்சில் தேய வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும்.

நான் ஜூனியராகச் சேர்ந்த மேடம் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுத் தமிழில் பாதி இந்தி கலந்திருக்கும். "அச்சா, கேஸ் கட்டு எங்கே? ஜல்தி எடு பாபா, கூப்பிட்டுடுவான்!" என்று காரிடாரில் ஓடிக்கொண்டே கத்துவார். மிருகங்களுக்காக வாதாடுவது ஒன்றுதான் அவருடைய தொழில். இன்றைக்கு அதற்கென்று வக்கீல்கள் இருக்கிறார்கள், கல்லூரிகளில் பாடம்கூட நடத்துகிறார்கள். மேடம் ஆரம்பித்த காலத்தில் அவரைக் கண்டால் 'லொள் லொள்' என்று குரைத்துக் காட்டிய வக்கீல்கள் உண்டாம். அவர்களிலேயே ஒருவர் பிற்பாடு வந்து அவரிடம் சட்டம் கேட்டு எழுதிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

மிருகத்தை வதைக்காதீர்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை. அது தயவு கேட்பது. அவர் கேட்டது உரிமை. ஒரு முறை மாட்டின் பேரிலேயே மனுப் போட்டார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது யார்? குளம்பை மையில் தோய்த்தீர்களா?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. மேடம் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "ஆறு மாதக் குழந்தைக்கு யார் கையெழுத்துப் போடுவார்களோ, அதே மாதிரிதான்" என்றார். வெளியே வந்ததும் என் மேல் பாய்ந்தார், நான்தான் என்னமோ சிரித்த மாதிரி.

"மலை மந்திர் முருகன் பேர்ல சொத்து இருக்கலாம், அவர் கேஸ் போடலாம். கம்பெனி கேஸ் போடலாம். அந்த முருகனோட மயிலுக்குக் கால் ஒடிஞ்சா அது மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. க்யா மஸாக் ஹை, விளையாட்டா இது! வலிக்கிற உடம்பு யாருக்குடா இருக்கு, கம்பெனிக்கா?"

மனு தள்ளுபடியானது. அவர் சமோசா வாங்கித் தின்றுவிட்டு அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தார். எனக்கு அதுதான் ஆச்சரியம். தோற்றால் ஒரு வாரம் தூங்காமல் கிடக்கிற ஜாதி நான்.

சரி, குதிரை விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

டெல்லிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வெள்ளைக் குதிரை மேலேறித்தான் வருவான். முன்னால் பேண்டு, பட்டாசு, குத்தாட்டம். அப்படி வாடகைக்குப் போகிற ஒரு பெண் குதிரை நொண்டிக்கொண்டே ஊர்வலத்தில் போனதை யாரோ பார்த்துப் புகார் கொடுக்க, போலீஸ் அதைப் பறிமுதல் செய்து ஒரு காப்பகத்தில் விட்டிருந்தது. முன்னங்கால் குளம்புக்குள் சீழ். மூன்று மாதம் யாரும் ஏறாமல் இருந்தால் பிழைக்கும், ஏறினால் போய்விடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கல்யாண சீசன் தொடங்கிவிட்டதால் சொந்தக்காரர் குதிரையைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டார். சட்டத்தின் கண்ணில் அது 'கேஸ் ப்ராப்பர்ட்டி', வழக்கில் பிடிபட்ட ஒரு பொருள். பறிமுதலான ஸ்கூட்டரை, வழக்கு முடியும்வரை எழுதி வாங்கிக்கொண்டு சொந்தக்காரரிடமே கொடுப்பதில்லையா, அதுபோல இதையும் கொடுங்கள் என்பது அவர் பக்க வாதம். கொடுக்கக்கூடாது என்று காப்பகத்துக்காக மேடம் எதிர்த்தார்.

காப்பகத்துக்கு மேடத்தோடு நானும் போயிருக்கிறேன். அந்தக் குதிரை என் கோட் பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டு பிஸ்கட் பொட்டலத்தை உருவி, பேப்பரோடு தின்றது. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "இவளைத் திருப்பிக் கொடுத்தா செத்துடுவா. ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். நன்றாகவே ஞாபகம் இருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

மனு விசாரணைக்கு வந்த நாளில் மேடத்துக்கு ஹைகோர்ட்டில் பெரிய வழக்கு ஒன்று. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சீனியர் வேறு கோர்ட்டில் இருந்தால் ஜூனியர் எழுந்து 'பாஸ் ஓவர்' கேட்பான். அதாவது, இன்றைக்கே கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று. கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறொரு நாளுக்குத் தள்ளிப்போட்டால் அது 'தாரீக்'.

"பாஸ் ஓவர் மட்டும் கேளு. என்ன ஆனாலும் தாரீக் வாங்கிடாதே. ரெண்டு மணிக்குள்ள ஓடி வந்துடறேன்" என்றார் மேடம். தலையாட்டினேன்.

அவரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அன்றைக்கு ஒன்றரை மணிக்கு எனக்கு லோதி ரோடில் ஓர் அலுவலகத்தில் இண்டர்வியூ. சட்ட அதிகாரி வேலை. நாற்காலி, மேஜை, மாதச் சம்பளம், எங்கேயும் எறும்பு ஊறாது. இரண்டு பேர் முன்னால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து பதில் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

வழக்கைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டு நாற்பது. பாஸ் ஓவர் கேட்டேன். "லஞ்சுக்கு அப்புறம் எடுக்கலாமா, இல்லை தாரீக் வேண்டுமா?" என்று ஜட்ஜ் கேட்டார். நிதானமாகத்தான் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். குதிரைதான் காப்பகத்தில் பத்திரமாக நிற்கிறதே, பத்து நாளில் என்ன குடி முழுகிவிடும்?

"தாரீக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

கொடுத்தார். அடுத்த வழக்கைக் கூப்பிடும்வரை இடத்தை விட்டு அசையக்கூடாது என்பது கோர்ட்டுக்குப் புதிதாக வருகிற பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் கேஸ் கட்டை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். நான் வாசலைத் தாண்டியதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, தாரீக் கேட்டது அவர்கள்தானே, அதுவரை குதிரையை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. வேலை வாங்கக்கூடாது என்று உத்தரவில் ஒரு வரியாவது போடுங்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை. ஆள் ஆட்டோவில் ஏறி, டிரைவரிடம் "பய்யா, ஜல்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்கு மேடம் மூச்சிரைக்கப் போன் செய்தார். நான் இண்டர்வியூ முடிந்து வெளியே நின்றுகொண்டிருந்தேன். "என்னடா ஆச்சு? குதிரையைக் கொடுத்துட்டானாமே!"

"பாஸ் ஓவர் கேட்டேன் மேடம், ஜட்ஜ் தரவே இல்லை."

எவ்வளவு சுலபமாக வந்தது வாயிலிருந்து! பாவி. மேடம் அதை அப்படியே நம்பிவிட்டார். "உன் தப்பு இல்லை. நான் அங்கே இருந்திருக்கணும்" என்றார்.

மறுநாளே உத்தரவை எதிர்த்து அப்பீல் எழுதினார். அதற்கும் ஒரு தாரீக்தான் கிடைத்தது. நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு குருத்வாரா தெருவில் குதிரையைக் கண்டுபிடித்தோம். நெற்றியில் ஜரிகை, கழுத்தில் மணி, மேலே மாப்பிள்ளை. முன்னங்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் எடுத்து எடுத்து வைத்தது. மேடம் கூட்டத்துக்குள் புகுந்து லகானைப் பிடித்தார். சொந்தக்காரர் சட்டைப் பையிலிருந்து உத்தரவு நகலை எடுத்து நீட்டினார். மரியாதையாகவே பேசினார் மனிதர். "மேடம்ஜி, கோர்ட் கொடுத்ததுதானே? இதில் எங்கே தப்பு, காட்டுங்கள்."

மேடம் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அதில் தப்பே இல்லை. லகானை விட்டுவிட்டு, குருத்வாரா வாசல்வரை குதிரையின் தோளில் கை வைத்தபடி கூடவே நடந்தார். கல்யாணக்காரர்கள் பைத்தியம் என்றார்கள். நான் இருபதடி பின்னால் வந்தேன்.

அடுத்த தாரீக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "கேஸ் ப்ராப்பர்ட்டி இப்போது இல்லை" என்றார். மேடம் எழுந்தார். இல்லை என்று எழுதாதீர்கள், இறந்துவிட்டது என்று எழுதுங்கள் என்று கேட்டார். ஜட்ஜ் அப்படியே எழுதினார். எனக்கு அந்த வேலையும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மட்டும் என்ன, போங்கள்.

அதற்குப் பிறகு மேடம் ஒரு காரியம் செய்தார். ஒரே நாளில் இரண்டு கோர்ட் என்பதையே விட்டுவிட்டார். பாஸ் ஓவர் கேட்க என்னை அனுப்பவில்லை, யாரையும் அனுப்பவில்லை. நாய்க்கோ கிளிக்கோ ஒரு சின்ன மனு என்றாலும் காலை பத்து மணிக்கே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்து, மாலைவரை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதற்காக ஹைகோர்ட் வழக்குகளைத் திருப்பி அனுப்பினார். நாட்டையே மாற்றியிருக்கக்கூடிய வழக்குகள், சில என் கண் முன்னால் போயின. ஜூனியர் கேட்டால் ஜட்ஜ் பாஸ் ஓவர் தரமாட்டார், அதனால் தான் அங்கே இருந்தாக வேண்டும் என்று மேடம் நம்பினார். முதுகு போனது. டாக்டர் உட்காராதே என்றார். மேடம் தலையணை கொண்டுவந்து உட்கார்ந்தார். "மேடம், அன்றைக்கு..." என்று நான் எத்தனையோ முறை ஆரம்பித்து, டீ வாங்கி வரப் போயிருக்கிறேன்.

போன மாதம் மேடம் இறந்துபோனார். கோர்ட் வளாகத்து ஹாலில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் ஒருவர் தவறாமல் அதையேதான் சொன்னார்கள். எவ்வளவு பெரிய வக்கீல், ஒரு நாய் வழக்குக்குக்கூட ஜூனியரை அனுப்பமாட்டார், நாள் முழுக்க தானே வந்து காத்திருப்பார், அதுதான் அவர் நமக்குக் காட்டிய வழி. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கூட்டம் முடியும்வரை நாற்காலியை விட்டு நான் அசையவில்லை.

நினைவு மலருக்கு என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். நல்ல கட்டுரை என்றார்கள். அதில் குதிரை இல்லை. அந்த ஹாலில் இருந்தவர்களில் என்னைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. மேடத்துக்கே பேச வருமே தவிரப் படிக்க வராது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.