ஜோலாப் என்றால் ஜலம் அல்ல

எங்கள் வீட்டு மருந்து அலமாரியின் சாவி என் பூணூலில் தொங்குகிறது. யாருக்காவது பேதி மருந்து வேண்டுமானால் என்னிடம் கேட்டு, என் கண்ணெதிரில், தன் கையாலேயே ஊற்றிக் குடிக்க வேண்டும். மாட்டுப்பெண் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அலமாரியில் எட்டுப் புட்டிகள் இருந்தால் எட்டும் இருக்கின்றனவா என்று தினமும் பார்ப்பேன்.

கல்கத்தாவுக்கு வந்த புதிதில் பவானிப்பூரில் ஒரு மெஸ்ஸில் இருந்தேன். ஏழு தமிழ்க் குமாஸ்தாக்கள், ஒரே கக்கூஸ். இந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே கவலை தந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்வது ஊர் வழக்கம். அங்கேயும் அதை விடவில்லை. யார் எப்போது போவது என்று முறை போட்டவன் நான்.

அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்காரர் ஒருவர் மட்டும் அதற்கு உடன்படவே மாட்டார். தன் வயிற்றைப் பற்றி மெஸ்ஸில் தீர்மானம் போடத் தேவையில்லை என்பார். அடுத்த வாரம் கும்பகோணம் போய் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துவர டிக்கெட்கூட எடுத்திருந்தார். கப்பல் கம்பெனி குமாஸ்தாவுக்கு அவரைச் சீண்டுவதே பொழுதுபோக்கு. "ஓய், ஆத்துக்காரி வரதுக்குள்ள உள்ளே பெருக்கி மெழுகிடும்" என்றார் ஒரு சனிக்கிழமை. இவர் பேப்பரைப் புரட்டினார்.

மறுநாள் ஞாயிறு காலை காப்பி குடித்த சற்று நேரத்தில் அக்கவுண்ட்ஸ்காரருக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. நிற்கவே இல்லை. பத்து மணிக்குள் கண் குழிந்து, குரல் போய், ஆடுசதை இழுத்துக்கொண்டது. காலரா என்று ஒருவர் சொன்னதும் இரண்டு பேர் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் வயிற்றைக் காயப்போட வேண்டும், சுக்குக் கஷாயம் தவிர ஒன்றும் கூடாது என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தண்ணீர் கொடுத்தேன், ஓர் ஆளை அனுப்பி, தெருமுனை டாக்டர் பாபுவை வரவழைத்தேன்.

டாக்டர் நாடி பார்த்துவிட்டு வங்காளியில் ஏதோ கேட்டார். ஜோலாப் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. சந்தையில் கற்ற வங்காளியில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஜோல் என்றால் நம் ஜலம்தானே. ஆமாம், நானே மூன்று செம்பு கொடுத்தேன் என்றேன்.

டாக்டர் முகம் வெளுத்தது. "மூன்று செம்பு பேதி மருந்தா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கப்பல் கம்பெனிக்காரர் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார். "செம்பெல்லாம் இல்லை. காப்பியில நேர்வாளப் பொடி, ஒரு சிட்டிகைதான்" என்றார் தமிழில்.

அதை நான் டாக்டருக்குச் சொன்னேன். விளக்கெண்ணெய் எங்கே, நேர்வாளம் எங்கே; சுத்தி செய்யாத அந்தக் கொட்டை குடலையே புண்ணாக்கிவிடும். டாக்டர் யாரையும் திட்டவில்லை. மீதிப் பொடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கஷாயமும் கூடாது, பட்டினியும் கூடாது. உப்பும் சர்க்கரையும் சேர்த்த பார்லித் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் சிறுநீர் பிரியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர வேண்டும் என்றார்.

ஸ்பூனைக் கப்பல் கம்பெனிக்காரர் கையில் கொடுத்தேன். படுத்திருந்தவர் பல்லைக் கடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவர் கையால வேண்டாம்."

கப்பல் கம்பெனிக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீரைத் தன் உள்ளங்கையில் விட்டுக் குடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்பூனை நீட்டினார். வாய் திறந்தது. அவருக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. வாந்தியில் வெளியே போனதையும் கழித்து நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கை சளைத்தபோதெல்லாம், "நிறுத்தாதீர்" என்பேன். இருநூறைத் தாண்டி எண்ணிக்கை தவறியது. வெயில் தாழும் நேரத்தில் படுத்திருந்தவர் பானையைக் கேட்டார். சிறுநீர் பிரிந்தது. கப்பல் கம்பெனிக்காரர் எழுந்துபோய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

அன்றே மெஸ்ஸில் விதி எழுதினேன்: யார் மருந்தையும் யாரும் கலக்கக் கூடாது, எல்லா மருந்தும் பூட்டுக்குள், சாவி என்னிடம். ஒருவரும் மறுக்கவில்லை.

கும்பகோணம் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. மனைவியும் குழந்தையும் டாக்குரியா பக்கம் வீடெடுத்துக் குடிவந்ததும் அக்கவுண்ட்ஸ்காரர் எங்களைக் காப்பிக்கு அழைத்தார். டவராவைக் கப்பல் கம்பெனிக்காரர் பக்கம் நகர்த்தி, "முதல்ல நீர் குடியும், ஓய்" என்றார். அவர் குடித்தார். பிறகுதான் இவர் தன் டம்ளரை எடுத்தார். இருவருக்கும் அது கடைசிவரை வழக்கமாகிவிட்டது.