வீடு பார்க்க வந்தவர்களிடம் சொன்னது

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அப்பா கட்டிய வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவானபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"யார் வந்து கேட்டாலும் தம்பி நெஞ்சு வலில போனான்னே சொல்லு. வேற பேச்சு வேணாம்."

தம்பி நெஞ்சு வலியில் போகவில்லை. மாடி அறையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அது நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. போலீஸ் வந்ததையும், உடலை அரசு மருத்துவமனைக்கு எடுத்துப் போனதையும், மறுநாள் திரும்பக் கொண்டுவந்ததையும் தெரு முழுக்கப் பார்த்தது. ஆனால் காரியம் முடிந்த அன்று சாயங்காலம், துக்கம் விசாரிக்க வந்த தூரத்து உறவுக்காரப் பெண்ணிடம் அம்மா, "நெஞ்சு வலிக்குதுன்னான். தண்ணி கொண்டாரதுக்குள்ள போயிட்டான்" என்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் தம்பி நெஞ்சு வலியில் இறந்தவன் ஆகிவிட்டான். எதிர் வீட்டு அக்கா ஒருமுறை அம்மாவிடம், "இப்பல்லாம் சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் ஹார்ட் அட்டாக் ஜாஸ்தி வருது" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மாடிக் கதவை உடைக்க ஆள் கூப்பிட்டவரே அவர்தான். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. அம்மாவுக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டியிருந்தது. தெரு சேர்ந்து அதைக் கொடுத்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நான் போளூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா தம்பிக்கு முன்பே, வயதாகி, அதே வீட்டில் இறந்துபோனார். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. தனியாக விட முடியாது. என் வீட்டுக்கு வரச் சம்மதித்தாள். வீட்டைப் பூட்டிப் போடுவதைவிட விற்பது மேல் என்று தோன்றியது.

புரோக்கர் எங்கள் பக்கத்திலேயே பல வீடுகளை முடித்துக் கொடுத்தவர். அவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"கேட்டா சொல்லுங்க மேடம். கேக்கலன்னா நாமளா போயி ஏன் வாயக் குடுக்கணும்?" என்றார்.

திருவண்ணாமலையில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் போர் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்ததாக, மலை தெரியுமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் மலை நன்றாகத் தெரிவது மாடி அறையின் ஜன்னலிலிருந்துதான். அந்த வீட்டிலேயே நல்ல அறையும் அதுதான். சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை செய்துகொண்டிருந்த தம்பி, வேலை போய் ஊருக்குத் திரும்பியபோது, அந்த அறைக்குத் தானே வெளிர் பச்சை அடித்து அலமாரி வைத்துக்கொண்டான். வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அறை வாசல் நிலையருகே நிற்பேன். உள்ளே போக மாட்டேன்.

முதலில் வந்த தம்பதி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படியே. "தெரு முனைல அயர்ன் கடைல விசாரிச்சிருக்காங்க மேடம்" என்றார் புரோக்கர்.

வாங்காமல் போனவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வாங்கிவிடப் போகிறவர்களை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது. யாரோ ஒரு பெண் குடி வருவாள். பால் காய்ச்சுவாள். அந்த அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். பிறகு ஒரு நாள் காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கும் யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அவள் எப்படி அந்த மாடிப்படி ஏறுவாள்? பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கலாம். இருக்கக் கூடாது என்று முடிவு செய்ய நான் யார்? கூட இருந்து காபி குடித்து, சிரித்துப் பேசி, சாவியைக் கையில் கொடுத்த நாங்கள் இதை மட்டும் விட்டுவிட்டோம் என்பதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்?

அம்மாவிடம் சொன்னேன். "வாங்குறவங்ககிட்ட நான் உள்ளத சொல்லப்போறேம்மா."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அப்போ நான் இத்தன நாளா பொய் சொல்லிக்கினு இருந்தேன்னு எல்லாருக்கும் சொல்லப்போற."

"உன்னப் பத்தி இல்லம்மா."

"அவனப் பத்தித்தானே? அவன் போயும் அவனுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்கணுமா? நீ அக்காதானே?"

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்காகப் பெற்றவளின் வார்த்தையை உடைக்க வேண்டுமா? கடைசியில் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வருகிறவர்களிடம் வீட்டுக்குள் எதுவும் சொல்வதில்லை. கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே, அம்மா காதில் விழாமல் சொல்லிவிடுவது.

அடுத்து வந்தவர்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். நெல், மணிலாக்கடலை பயிர் வைக்கிற குடும்பம். வேன் ஒன்றும் ஓட்டுகிறார்கள். ஒரே பையன் பன்னிரண்டாவது படிக்கிறான், நீட் கோச்சிங் சேர்க்கவேண்டும், அதற்காக டவுனுக்கு வந்துவிடப் போகிறார்கள். பையனின் அப்பா மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தார். அவர் மனைவி என்னோடு மாடிக்கு வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். ஜன்னலைத் திறந்தார். வெயில் தாழ்ந்த நேரம். மலை கிட்டத்தில் இருப்பது போலிருந்தது. கீழே தோட்டத்தில் நின்ற கணவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னாங்க, இந்த ரூம பையனுக்குக் குடுத்துடலாம். ஜன்னல்கிட்ட டேபிள் போட்டுட்டா நல்லா படிப்பான். சத்தமே இல்ல பாருங்க."

கேட்டுக்கு வெளியே போகும்வரை சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

கீழே வந்தோம். அம்மா டீ போட்டு வைத்திருந்தாள். புரோக்கர் விலைப் பேச்சை ஆரம்பிக்கப் பார்த்தார். அந்தப் பெண் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. புள்ள இருக்கிற வீடு, கேக்காம இருக்க முடியாது. அப்பா வயசாகிப் போனாருன்னு சொன்னாங்க, அது பரவால்ல. வேற ஏதாச்சும் இந்த வீட்டுல..."

புரோக்கர் போனை எடுத்துப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தேன். "எனக்கு ஒரு தம்பி இருந்தான்..."

"இரு பாப்பா. நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேல அந்த ரூம்லதாம்மா. என் பையன். நெஞ்சு வலியெல்லாம் இல்ல. அவனாவே போயிட்டான்."

அவர்களுக்கு நெஞ்சு வலி என்ற கதையே தெரியாது. யாருமே சொல்லாத ஒன்றை அம்மா அவர்களிடம் மறுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக என்னிடம்கூடச் சொல்லாத வார்த்தையை, பெயர் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னாள்.

அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எழவில்லை.

"படிச்ச புள்ளையாம்மா?" என்று கேட்டார்.

"நல்லா படிச்சான். காலேஜ்ல வாத்தியாரா இருந்தான். வேலை போயி இங்க வந்துட்டான். மேலேயே இருப்பான். சாப்பிடக் கூப்பிட்டா எறங்கி வருவான், தட்டக் கழுவி வெச்சிட்டுப் போயிடுவான். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். தொந்தரவே குடுக்காத புள்ளன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்மா. உள்ள என்னா வெச்சிருந்தான்னு கேக்கத் தெரியல எனக்கு."

அம்மா அழவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன். அம்மா அந்தப் பெண்ணின் பக்கம் சற்றுக் குனிந்தாள்.

"நீ இந்த வீட்ட வாங்கு, வாங்காம போ, அது உன் இஷ்டம். ஒண்ணு சொல்றேன். சத்தமில்லாம படிக்கிறான்னு சந்தோஷப்பட்டுக்கினு கீழயே இருந்துடாத. மேல ஏறிப் போயி பக்கத்துல உக்காரு. மார்க்கு எவ்ளோன்னு கேக்காத. என்னாடா கண்ணு, எப்படிடா இருக்கேன்னு கேளு."

அந்தப் பெண் தலையை ஆட்டினார். கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். அவர் கணவர் கேட்டருகே செருப்பை மாட்டிக்கொண்டு, "சொல்லிட்டீங்க. அது போதும்" என்றார். புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்க்கா. பேய்க்குப் பயந்துக்கினு இல்ல. எங்க வயலுக்குப் பக்கத்துலயே சுடுகாடு, ராத்திரி தண்ணி கட்ட அது வழியாத்தான் போறோம். அந்த ரூம்ல இவன் கதவ சாத்திக்கினு படிச்சா, என்னால கீழ சமைக்க முடியாதுக்கா. அதான்." பிறகு, "அம்மாகிட்ட போனக் குடுக்குறீங்களா?" என்றார்.

அம்மா போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்து, "அவ செய்றதுதான் சரி. நானா இருந்தாலும் வாங்க மாட்டேன்" என்றாள். என்னிடம் கோபமாக இருந்தது போல் தெரியவில்லை.

அந்த வாரத்திலேயே அம்மா எதிர் வீட்டுக்குப் போனாள். முழங்கால் வலியோடு தெருவைக் கடந்து அவள் தானாகப் போனதே பெரிய விஷயம். நானும் கூடப் போனேன். எதிர் வீட்டு அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. நான்தான் வேற மாதிரி சொல்லிக்கினு இருந்தேன்."

அந்த அக்கா அரிவாள்மணையை நகர்த்தி வைத்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"கதவு ஒடைஞ்சதும் மொதல்ல உள்ள பாத்தது நான்தாங்க. இன்னிக்கி வரைக்கும் கண்ணுல நிக்குது. உங்க மனசு கஷ்டப்படும்னு எங்க வீட்டுக்காரர்கிட்டகூட அதப் பத்திப் பேசல. உங்கள வாசல்ல பாக்குறப்பெல்லாம் எங்கே வாய் தவறி வந்துடுமோன்னு பயந்துக்கினே இருப்பேன்."

தெரு அம்மாவுக்குச் செய்த உதவி என்று நான் நினைத்திருந்ததை அந்தப் பெண்மணி எத்தனை பாரத்தோடு செய்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று அம்மாதான் அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

வீடு விற்க மேலும் பல மாதங்கள் ஆயின. வந்தவர்களிடமெல்லாம் மாடிக்குப் போகும் முன்பே சொன்னேன். சிலர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினார்கள். சிலர் அதைக் காரணம் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். ஒருவர் சங்கடப்பட்டு, "இதெல்லாம் நீங்க எங்ககிட்ட சொல்லியிருக்க வேணாம்" என்றார். அவர் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். கேட்க விரும்பாதவர் காதில் இதைப் போடுவதும் ஒரு பாரத்தை இறக்கி வைப்பதுதானே? இருந்தாலும், சொல்லாமல் விடும் தைரியம் எனக்கு வரவில்லை.

கடைசியில் வாங்கியது ஒரு நர்ஸும் அவர் கணவரும். நான் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். "போலீஸ் கேஸெல்லாம் முடிஞ்சிடுச்சில்லீங்க?" என்றார். முடிந்துவிட்டது என்றேன். மாடிக்குப் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்து, கொஞ்சம் யோசித்து இன்னொன்று கேட்டார்.

"நாங்க கீழ இருந்துக்கினு மேல வாடகைக்கு விடலாம்னு இருக்கோம். குடி வர்றவங்ககிட்டயும் நாங்க இத சொல்லணுமா மேடம்?"

இத்தனை நாள் யோசித்திருந்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. எத்தனை காலத்துக்கு, எத்தனை பேருக்கு? தம்பியைப் பார்த்தே இராத ஒருவர், அவனைப் பார்த்தே இராத இன்னொருவரிடம் அவன் சாவை மட்டும் சொல்லிக்கொண்டே போவதா? தெரியவில்லை என்றே சொன்னேன்.

அம்மா குறுக்கிட்டாள். "சொல்றதுன்னா அவன் வாத்தியாரா இருந்தான்னும் சேத்து சொல்லுங்கம்மா. அந்த அலமாரி அவன் வெச்சதுன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் சரி என்றார். சொன்னாரா, அறையை வாடகைக்கு விட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது அம்மா போளூரில் எங்களோடு இருக்கிறாள். மூன்று வருடமாக அவன் பேச்சை எடுத்தால் எங்கே கொண்டுபோய் விடுமோ என்று நாங்கள் இருவருமே அவன் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறோம். அவன் சாவை மறைக்கப் போய், அவன் பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டோம். இப்போது அம்மா பேசுகிறாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது படிக்கும்போது அவன் பஸ்ஸில் தூங்கிப்போய் செங்கம் வரைக்கும் போய்விட்டதைச் சொல்வாள். கண்டக்டர் அவனுக்கு பன் வாங்கிக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாராம்.

"வந்து எறங்கினவன் அழவேயில்ல பாப்பா. நாளைக்கும் அந்த பஸ்லயே போறேன்னான்" என்று சொல்லி நேற்றுகூடச் சிரித்தாள்.