ஏகாதசியன்று கொட்டிய கஞ்சி

மாதவிலக்கு நிற்கிற வயசு, உதிரம் நிறையத்தான் போகும் என்று நாலு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு காலை, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் விளக்கேற்றக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி. உடம்பு ரத்தத்தில் பாதி போய்விட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்து, ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா, இரண்டு மணிக்கொரு தரம் அரை டம்ளர் கஞ்சி குடிக்கச் சொன்னார். மறுநாள் ஏகாதசி. இருபத்திரண்டு வருஷமாக அன்று என் வாயில் அரிசி பட்டதில்லை. பிழைக்க வைத்தவன் பெருமாள், பத்மநாபன். அவன் நாளிலேயே தவறுவதா?

"கஞ்சி குடிச்சாச்சாடி?" என்று என் கணவர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் "குடிச்சாச்சு" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி அறையின் கழுவுதொட்டியில் கொட்டியிருந்தேன்.

துவாதசி காலை வாயெல்லாம் புண். மாலையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். குடல் கிருமி ரத்தத்துக்குள் போயிருக்கிறது என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் டாக்டரம்மாவை அழைத்து வந்து, "நீயே சொல்லு" என்றார்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "மாமி, ரத்தம் தந்தவங்க ஆரும் அன்னைக்கு ஏகாதசியான்னு நோக்கியில்லல்லோ?"

பிறகு விளக்கினார். ரத்தம் குறைந்தால் உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் கொடுத்துவிட்டுக் குடலைப் பட்டினி போடுமாம். சளிப்படலம் (வாயிலிருந்து குடல்வரை உள்ளே போர்த்தியிருக்கும் ஈரத்தோல்) நைந்துபோகும். அதில் ஊறும் எதிர்ப்புப் புரதம் (கிருமியை ஒட்டவிடாமல் தடுப்பது) குறையும். ரத்தம் ஏற்றியதும் அது திரும்பிவிடாது. உள்ளே வருகிற ஆகாரம்தான் அந்தத் தோலுக்குப் பலம்.

"அப்போ என்னாலதானா?"

"அப்படித் தீர்த்துச் சொல்ல முடியாது மாமி. குடிச்சிருந்தாலும் வந்திருக்கலாம். பக்ஷே, பாவம், அந்தக் குடலையும் விரதம் இருக்க வெச்சுட்டீங்களே."

அந்த 'வந்திருக்கலாம்' இன்னும் என்னை அரிக்கிறது. ஆம் என்றே சொல்லியிருந்தால் தேவலை.

இதே போலப் படுத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விரதம் இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பகவானுக்குத் தெரியும் என்று நான் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம். கண் விழித்ததும் நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் புண் உண்டா என்று பார்க்கிறேன். இன்று என்ன திதி என்பது அதற்குப் பிறகுதான்.

நேற்று ஏகாதசி. கஞ்சி டம்ளரைக் கொடுத்துவிட்டு அவர் நகரவில்லை.

"போங்கோன்னா, குடிக்கறேன்."

"குடி. போறேன்."

பெருமாள் படத்துக்கு முன் வைத்து, கைகூப்பிவிட்டுக் குடித்தேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டவர், கழுவுதொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.