அளவுக்காரரும் தையல்காரியும்

பழைய கட்டடத்துக்குத் தகடு மாற்ற நினைத்தவர்கள் முதலில் தேடிப்போனது அளவுக்காரரைத்தான். கூரைக்கும் பக்கச் சுவருக்கும் அவர் சொன்ன அளவில்தான் கம்பெனியில் தகடு வெட்டுவார்கள். வாய் கொஞ்சம் துடுக்கு. வேலையில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

போன மழைக்கு முன்னால் ஒரு கிடங்கின் கூரையில் துருப்பிடித்த தகரம் அவர் காலடியில் உடைந்தது. விழுந்ததில் முறிந்த எலும்பு கூடிவிட்டது. முழங்கால் மட்டும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தார். வீடு அவர் மனைவியின் தையல் மெஷினில் ஓடியது.

அப்போதுதான் தச்சுப் பட்டறைக்காரர் வந்தார். "பட்டறைக்கு மேலயும் பக்கத்துலயும் தகடு மாத்தணும். நீங்க அளந்தாத்தான் எனக்கு நிம்மதி."

"காலு இப்படி இருக்கே..." என்று இழுத்தார் அளவுக்காரர்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. "நாளைக்கு வர்றோம்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவர் திரும்பி முறைத்தார். "வர்றோமா? உனக்கு டேப் பிடிக்கத் தெரியுமா?"

"நாள் பூரா அதத்தானே கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியிறேன்."

மறுநாள் பட்டறையின் பக்கச் சுவர்களை இருவரும் தரையில் நின்றே அளந்தார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவு. அவர் வாய் ஓயவில்லை. "இழுத்துப் பிடி, இது ஜாக்கெட் துணி இல்ல."

கூரைக்கு ஏறும் நேரம் வந்ததும் பேச்சு நின்றது. அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். திருப்தி இல்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினார். பட்டறைக்காரர் மறுமுனையைத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கூரைமேல் போட்டிருந்த பலகையில் தவழ்ந்து முகடு வரை போனாள். அங்கிருந்து அளவைச் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டு மேலே பார்த்தார்.

"போதும், எறங்கு. அந்தப் பக்கச் சரிவும் இதே அளவுதான் இருக்கும்."

இத்தனை வருஷத்தில் எந்தக் கூரையிலும் அவர் சொல்லாத பேச்சு அது.

"யாருக்குங்க ரெண்டு தோளும் ஒரே அளவா இருக்கு?" என்று மேலிருந்து குரல் வந்தது. "உங்களுக்கே ஒரு பக்கம் இறக்கம்தான்."

பட்டறைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் முகட்டைத் தாண்டி மறைந்தாள். "இங்க நாலு விரல் கூடுதலா இருக்கு" என்று சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் காலை இழுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஓடினார். அவள் முகட்டில் சாய்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற அங்க?"

"நம்ம வீடு தெரியுதுங்க. கூரை பூரா துரு. ஊரையெல்லாம் அளந்தீங்களே, நம்ம தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

அவர் ஏணியடிக்குத் திரும்பி வந்து நின்றார். அவள் தரையில் கால் வைத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

தகடுகள் வந்து இரண்டு சரிவிலும் கச்சிதமாக உட்கார்ந்தன. அடுத்து மாவு மில்காரர் கூப்பிட்டார், பிறகு கோழிப்பண்ணைக்காரர். "ரெண்டு பேரும் வாங்க" என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆரம்பத்தில் அது அவருக்குச் சுருக்கென்றது. இப்போது யார் வந்து கேட்டாலும், "இருங்க, அவ எப்ப வர முடியும்னு கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து உள்ளே போகிறார்.