பால்வீதிக்காக அணைத்த விளக்கு

கும்மிருட்டு வாவியில், இராணுவக் காவலரணுக்கு நேரெதிரே நின்றுகொண்டு, விளக்கை அணைக்கச் சொல்லும் மொக்கனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அது நான்தான்.

சண்டை முடிந்து ஒரு வருடம் இருக்கும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டாரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கமரா கழுத்தில், பெரிய ஆள் என்ற நினைப்பு மண்டையில். பால்வீதியைப் படமெடுக்க வேண்டும் என்று தன்னாமுனையில் இருக்கும் மாமாவை அரித்தெடுத்தேன். சுனாமி நிவாரணத்தில் கிடைத்த தோணியில்தான் அவர் மீன்பிடித்தார். அதில் என்னை ஏற்றி, வாவி நடுவே ஒரு மணல்திட்டில் இறக்கினார். முக்காலியை ஊன்றினேன். தோணியில் எரிந்த அரிக்கன் லாம்பு படத்தையெல்லாம் மஞ்சளாக்கியது.

"மாமா, லாம்ப நூருங்க. வானம் படத்துல விழுகுதில்ல."

"விசரா மருமகன்? லாம்பு இல்லாத தோணிய அங்கால நிக்கிற ஆமிக்காரன் என்னெண்டு நினைப்பான்?"

"சண்டைதான் முடிஞ்சிட்டே மாமா."

"ஓம், அவன்ட துவக்குக்கிட்டயும் சொல்லிட்டியா?"

கெஞ்சினேன். அணைத்தார்.

பொத்தானை அழுத்தினேன். உப்பு பிடித்திருந்ததோ என்னவோ, அழுத்திய பொத்தான் மேலே வரவில்லை. பிளாஷ் தானாக எழும்பிப் படபடவென்று வெட்டியது, துவக்கு வாயில் நெருப்புப் பறப்பதைப் போல, நேரே காவலரணைப் பார்த்து. பேட்டரியைக் கழற்றப் பார்த்தால் அதன் மூடியும் இறுகிக் கிடந்தது.

அக்கரையிலிருந்து வெளிச்சம் பாய்ந்தது. ஒரு குரல் சிங்களத்தில் அதட்டியது. துவக்கின் இரும்பு இழுபடும் சத்தம் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. கமராவை முக்காலியிலிருந்து பிடுங்கி வயிற்றோடு அமுக்கிக் குந்தினேன். சட்டைக்குள்ளும் மின்னியது. மூத்திரம் போய்விட்டது. எழுதக் கூச்சம்தான், ஆனால் போனது.

"அசையாத!" என்றார் மாமா.

தீக்குச்சி உரசினார். முதலாவது நமத்தது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவது பற்றியது. லாம்பைக் கொளுத்தித் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சண்டைக் காலம் முழுக்க வாவி மீனவர்கள் அப்படித்தான் தப்பினார்கள்: முதலில் முகம், பிறகுதான் பேச்சு.

"மாளு, மாத்தையா! மாளு!" மீன், ஐயா, மீன் என்று சிங்களத்தில் கத்தினார்.

மூடி என் நகத்தைப் பிய்த்துக்கொண்டு திறந்தது. பேட்டரி மண்ணில் விழுந்தது. மின்னல் நின்றது. அக்கரை வெளிச்சம் மட்டும் மாமாவின் முகத்தைவிட்டு நகரவில்லை. அவர் கண் சிமிட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்த வெளிச்சம் அணைந்தது.

கரை சேர்ந்து இறங்கும்போது, "நட்சத்திரம் வேணுமெண்டா வீட்டு வளவுக்க நிண்டு பாரு" என்றார்.

இதை எழுதும் இப்போது மாலை மணி ஆறரை. மாமா தோணியைத் தள்ளிவிட்டார், இத்தனை வருடம் கழித்தும் என்னை ஏற்றவில்லை.